சீட்டில் மருத்துவர் போட்ட கேள்விக்குறி

மகளே, உன் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உனக்கு 23 வயது, ஊர் மண்டபம் பக்கம், பி.எட். படிக்கிறாய். போன மீன்பிடித் தடைக்காலத்தில், ஜூன் முதல் வாரம் தொடங்கிப் பத்து நாள், தினமும் மூன்று மணி நேரம்தான் தூங்கினாய், அசதியே தெரியவில்லை. சிப்பியில் அலங்காரப் பொருள் செய்து விற்கப்போவதாகச் சொல்லி, கைச்சங்கிலியை அடகு வைத்து 18,000 ரூபாய்க்குச் சிப்பி வாங்கிக் குவித்தாய். ஆகஸ்டில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. செத்துப்போனால் தேவலை என்று இரண்டு தடவை நினைத்தாய். செப்டம்பரில் மருத்துவரிடம் போனாய். நான்கு மாதமாகியும் அவர் ‘பைபோலாராக இருக்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சீட்டில் நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. ‘இருக்கிறது என்றாலும் தாங்குவேன், இல்லை என்றாலும் தாங்குவேன், இந்தக் கேள்விக்குறியைத்தான் தாங்க முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறாய்.

இந்த மாவட்டத்துக் கடலோர ஊர்களில் இருபது வருடத்துக்கு மேல் மனநல சமூகப் பணியாளராக அலைந்தவள் நான். மருத்துவர் இல்லை, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் அதே கேள்விக்குறியை எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் வைத்துக்கொண்டிருந்தோம், என் தம்பியின் சீட்டில். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன். உன் வயதில் எனக்கு மகள் இருப்பதால் ‘நீ’ என்றே சொல்கிறேன், தப்பாக நினைக்காதே.

கேள்விக்குறி போடும் மருத்துவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஐந்து நிமிடத்தில் பெயரை எழுதி நீட்டுகிறவரைப் பார்த்தால்தான் பயம். பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறை, அதாவது மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்பியும் சில காலம் சோர்ந்தும் போகும் நோயை, காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. உன்னிடம் ரத்தம் எடுத்தார்களே, அது தைராய்டு போன்ற வேறு காரணங்களைக் கழித்துக்கட்ட. மற்றதெல்லாம் கதை கேட்டுத்தான் தெரிய வேண்டும். அந்தக் கதைக்கும் நாள் கணக்கு உண்டு. மேனியா என்று சொல்ல, வேகமும் எழுச்சியும் குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும். அதன் மெல்லிய வடிவமான ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாள். மனச்சோர்வுக்கு இரண்டு வாரம். காலையில் சிரிப்பும் மாலையில் அழுகையுமாக இருப்பதை ஊரில் பைபோலார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது வேறு சங்கதி.

உன் பத்து நாள் கணக்கு இந்த எல்லையைத் தொடத்தான் செய்கிறது. ஆனாலும் அவர் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது. அந்த நாட்களில் படிப்பும் வீடும் எவ்வளவு குலைந்தன? இல்லாத குரல் எதுவும் காதில் விழுந்ததா? வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தாயா? அதுவும் சிலருக்கு இப்படி ஏற்றிவிடும். இதற்கு முன்பும் ஒரு ஜூன் மாதம் உன் வாழ்க்கையில் வந்திருக்கிறதா? இன்னொன்றையும் யோசித்துப் பார். அவர் உன்னைப் பார்த்தது செப்டம்பரில், நீ சுருண்டு கிடந்தபோது. ஜூன் மாதத்து உன்னை அவர் கண்ணால் கண்டதே இல்லை. உலகம் முழுக்க இந்த நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கப் பலருக்கு வருடக்கணக்கில் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தாழ்ந்து கிடக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். உலகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் என்று தோன்றும் நாளில் யார் போய் வரிசையில் உட்காருவார்கள்?

என் தம்பி விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். 26 வயதில் முதல் தடவை சுருண்டான். ஒரு மருத்துவமனையில் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார்கள். இதற்கு முன் அளவுக்கு மீறிய சுறுசுறுப்போடு இருந்த காலம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒரு பழைய வத்தையை, சிறு படகை, வாங்கினான். மூன்று இரவு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், தனி ஆளாக அதற்கு வர்ணம் அடித்தான். முதலில் பச்சை. அது காய்வதற்குள் அதன் மேலேயே நீலம். விடியற்காலையில் கரைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, எந்த நிறம் நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்; கையிலும் தாடியிலும் இரண்டு நிறமும் குழைந்திருந்தன. ஊரே ‘உழைப்பாளி’ என்றது. நாங்களும் பெருமைதான் பட்டோம். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் அதே வேகம் பல மடங்காகத் திரும்பி வந்தது. இருமுனைக் கோளாறு உள்ள சிலரை, மனச்சோர்வுக்கான மருந்து தனியாகக் கொடுக்கப்படும்போது, மேலே தூக்கி எறிந்துவிடும். உன் மருத்துவர் அவசரப்படாமல் ஜூன் மாதத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்பது இதற்காகத்தான்.

பிறகு போன மருத்துவர்தான் கேள்விக்குறி போட்டவர். அந்தப் பதினான்கு மாதமும் வைத்தியம் நிற்கவில்லை என்பதைக் கவனி. தூக்கத்துக்கு, வேகத்தை அடக்க, சோர்வுக்கு என்று அவன் எந்த நிலையில் இருந்தானோ அதற்கேற்றபடி மருந்து நடந்தது. பெயர் வந்த பிறகுதான் மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை வந்தது. ஆனால் பாதி கட்டுப்பாடு அதற்கு முன்பே வந்திருந்தது. பெயர் கிடைத்த அன்றைக்கு வைத்தியம் ஆரம்பமாகும் என்று நீ காத்திருந்தால், அது ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது.

உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரிய அத்தை 1990-களில் ஏர்வாடியில் சங்கிலியில் இருந்தவர், அதனால் நோயின் பெயரைக் கேட்டாலே அம்மாவின் கண்ணில் அந்தச் சங்கிலிதான் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பயத்தை அலட்சியமாகப் பேசாதே. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து, கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். இந்தக் கரையில் அந்த நாளை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறோம். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகவே தடுக்கிறது. ஏர்வாடி தர்காவுக்குக் குணம் வேண்டி வருகிறவர்களுக்கு அங்கேயே அரசு மனநல மருத்துவம் கிடைக்கிறது. துவாவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்ற ஏற்பாடு. அத்தையின் காலம் வேறு, உன் காலம் வேறு என்பதை அம்மாவுக்கு இந்த விவரங்களோடு சொல். அம்மா ஏர்வாடியில் கயிறு கட்டினாலும், ஓரியூர் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாலும் குறுக்கே நிற்காதே. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

அத்தைக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது என்றாய். தெரிந்தவரைக்கும் மருத்துவரிடம் சொல், அது அவருக்கு உதவும். அதையே உன் தலையெழுத்து என்று எண்ணிக்கொள்ளாதே. தாய் தந்தையரில் ஒருவருக்கே இருமுனைக் கோளாறு இருந்தாலும் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை என்றுதான் சொல்கிறார்கள். அத்தை உறவு அதைவிடத் தள்ளித்தான்.

இனி, காத்திருக்கும் காலத்தில் கைக்கு வேலை. உங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்குமே, தாள் கிழிக்கிற காலண்டர். இரவு படுக்கப் போகுமுன் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நான்கு விஷயம் எழுது: தூங்கிய நேரம், மனநிலைக்கு கழித்தல் ஐந்திலிருந்து கூட்டல் ஐந்து வரை ஓர் எண், மாத்திரை, செலவு. மாதவிலக்கு நாளையும் குறி. இப்படி இருக்கலாம்:

‘தூக்கம் 10.30 முதல் 5 வரை. மனம் –1. மாத்திரை உண்டு. வகுப்புக்குப் போனேன். அம்மாவோடு சண்டை, ரசத்தில் உப்பு.’

‘தூக்கம் 1 முதல் 4 வரை. அசதி இல்லை. மனம் +3. புடவை 2,300 ரூபாய். நடு இரவில் மூன்று பேருக்கு போன் செய்தேன்.’

இரண்டு நிமிட வேலை. இதற்கு மேல் எழுதாதே. இரண்டாவது தாளில் ‘அசதி இல்லை’ என்று இருக்கிறதே, மருத்துவருக்கு அந்த இரண்டு சொல் தங்கம். தூக்கம் வராமல் புரண்டுவிட்டு மறுநாள் துவண்டு கிடப்பது ஒன்று. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் புதுத்தெம்போடு எழுவது வேறொன்று. முதலாவது கவலையிலும் வரும், சோர்விலும் வரும். இரண்டாவது வந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். ஆறு வாரம் கழித்து உன் ஞாபகத்திலிருந்து சொன்னால் இந்த வித்தியாசம் மறைந்துபோகும்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அறிகுறி மட்டும் இல்லை, கொளுத்திப்போடும் தீக்குச்சியும் அதுதான். கடலுக்குப் போகும் வீட்டில் தூக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது. அப்பா எப்போது கரை திரும்புவார் என்பதைக் காற்றும் கடல் நீரோட்டமான நீவாடும் தீர்மானிக்கின்றன; அவர் வந்ததும் வீடே எழுந்துவிடுகிறது. நீ எழ வேண்டாம். அந்த வேலையை இந்தச் சில மாதத்துக்கு உன் தம்பி பார்க்கட்டும். பெண்பிள்ளை படுத்திருக்கிறாளே என்று யாராவது முணுமுணுத்தால், மருத்துவர் உத்தரவு என்று சொல், அது உண்மையும்கூட. படுக்கும் அறையில் போன் வேண்டாம். பரீட்சை என்று இரவு இரண்டு மணிவரை உட்காராதே. சந்தனக்கூடு, தேர், கல்யாண வீடு என்று விடிய விடிய விழித்திருக்கும் அழைப்புகளிலிருந்து இந்த வருடம் பாதியில் எழுந்து வந்துவிடு. உனக்கு இறுதியில் வரும் பெயர் பைபோலாராக இருந்தாலும் சரி, வேறெதுவாக இருந்தாலும் சரி, இதில் ஒன்றுகூட வீண்போகாது.

பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். புயல் இங்கேதான் வருமா, ஆந்திராவுக்குப் போகுமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். யாரும் வீட்டை விட்டு ஓடுவதில்லை. காற்றில் ஒன்றோடொன்று மோதாதபடி படகுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு நங்கூரத்தைச் சரிபார்ப்பார்கள். உன் சீட்டில் இருப்பது அந்த 1-ஆம் எண். நீ விட வேண்டிய இடைவெளி பணத்தில். ஏ.டி.எம். அட்டை சித்தியிடம் இருக்கட்டும். போனில் பணம் அனுப்பும் வரம்பைக் குறைத்து வை. நகைக்கடன், குழுக்கடன் எதிலும் கையெழுத்துப் போடாதே. 1,000 ரூபாய்க்கு மேல் எதை வாங்குவதானாலும் இரண்டு இரவு தூங்கி எழுந்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால்தான் வாங்குவது. இந்த ஒப்பந்தத்தை மனம் சமமாக இருக்கும் இப்போதே, உன் கையெழுத்தில், உன் வாசகத்தில் எழுதிச் சித்தியிடம் கொடு. வேகம் பிறந்த பிறகு மற்றவர்கள் பிடுங்கினால் அது சிறை மாதிரி இருக்கும். என் தம்பி அப்படித்தான் என்னோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தான்.

உன் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி, ‘சிரித்தால்கூட இது மேனியாவோ என்று சந்தேகமாக இருக்கிறது’ என்பது. மகளே, விளைமீன் குழம்பு நன்றாக அமைந்து நீ ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டுச் சிரித்தால் அது குழம்பின் கைவண்ணம். நாள் முழுக்க உன்னையே உளவு பார்த்துக்கொண்டிருந்தால், நோய் இல்லாதவளுக்கும் பைத்தியம் பிடிக்கும்.

எங்கள் தெருவில் படகு ஒன்று பிடிபட்டு, ஆட்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் சிறையில் என்று செய்தி வந்தால், பெரிய பெண்கள் ஒரு காரியம் செய்வார்கள். சங்கத்துக்குப் போய்ச் செய்தி கேட்டு வர ஒரே ஓர் ஆளை நியமிப்பார்கள். அவன் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து சொல்வான். மற்ற நேரத்தில் யாரும் யாரிடமும் ‘ஏதாவது தெரிந்ததா’ என்று கேட்கக்கூடாது. உலை வைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், நண்டு உடைக்கப் போக வேண்டும். என் அம்மா என் சித்தப்பாவுக்காக அப்படி நாற்பது நாள் இருந்தாள். அழாமல் இருந்தாள் என்று சொல்லவில்லை. அழுகைக்கும் நேரம் வைத்திருந்தாள், பாத்திரம் கழுவும்போது. தம்பியின் கேள்விக்குறியைச் சுமந்த காலத்தில் எனக்குக் கைகொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, இதுதான். உனக்கும் அதையே சொல்வேன். செய்தி கேட்கும் இடம் ஒன்று: மருத்துவரின் அறை. அடுத்த தேதிவரை தோன்றும் கேள்விகளை ஒரு தாளில் குறித்து மடித்து வை. இணையத்தில் பதினைந்து கேள்விக்குப் பதில் சொல்லி மதிப்பெண் பார்க்கும் வேலையை விட்டுவிடு. அந்தப் படிவங்கள் சல்லடை, தராசு இல்லை. படிக்காமல் இருக்க முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், அதோடு சரி.

அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. இரண்டு மூன்று இரவு தூக்கம் மிகக் குறைந்தும் அசதி தெரியாமல் இருந்தால், வேறு யாருக்கும் கேட்காத குரல் உனக்குக் கேட்டால், உடனே போ, தேதி பார்க்காதே. செத்துப்போகலாம் என்ற நினைப்பு திரும்பி வந்தால் அந்த நிமிடமே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104-உம் இருக்கிறது. ஆபத்து கண்முன் இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே கூட்டிப்போகச் சொல். ஆகஸ்டில் இரண்டு தடவை வந்த நினைப்பை மருத்துவரிடம் சொன்னாயா என்று நீ எழுதவில்லை. சொல்லவில்லை என்றால் அடுத்த முறை முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். அதுவரை வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் சித்தி கையில் இருக்கட்டும்.

கல்யாணப் பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். முடிவாகாத பெயரை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று சொல்லி மாத்திரையை நிறுத்தும் ஏற்பாட்டுக்கு மட்டும் தலையாட்டாதே. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் வானம் இடிந்து விழாது.

அடுத்த தடவை போகும்போது மூன்று கேள்வி கேள். இப்போது எதையெல்லாம் சந்தேகிக்கிறீர்கள்? எதைப் பார்த்தால் முடிவுக்கு வருவீர்கள்? இந்த மாத்திரை எதற்காக? நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் தெரிந்துகொள்வது அதே 2017 சட்டம் உனக்குக் கொடுத்திருக்கும் உரிமை, கேட்பதில் கூச்சம் வேண்டாம். சோடியம் வால்புரோயேட் எழுதினால், பின்னாளில் பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறது என்று கட்டாயம் சொல். கருவைப் பாதிக்கும் மருந்து அது. நீயாகவும் நிறுத்திவிடாதே. காலண்டர் தாள்களை ரப்பர் போட்டுக் கட்டி எடுத்துப் போ. சித்தியைக் கூட்டிப் போ. ஜூன் மாதத்துப் பத்து நாளை உன்னைவிட அவர்தான் நன்றாகப் பார்த்தவர். இராமநாதபுரம் வரை அலைவது சிரமம் என்றால், மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டுக்கொள்.

கட்டிலுக்கடியில் கிடக்கும் சிப்பி மூட்டையைப் பார்த்தாலே அவமானமாக இருக்கிறது, கடலில் கொட்டிவிடவா என்று கேட்டிருந்தாய். விற்பதா, கொட்டுவதா, திரும்ப எடுத்துச் செய்வதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். உள்ளே சதை ஒட்டியிருந்தால் நாற்றம் எடுக்கும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, உப்புத்தண்ணீர் போக இரண்டு தடவை கழுவி, மாடியில் காயவைத்துக் கட்டி வை. சித்தியும் ஒரு கை பிடிப்பார்.